வறட்சியும் வருண ஜபமும்

நமது நாட்டில் மழை தப்பிவிட்டால் நடக்கும் காரியங்களைப் பார்க்கிற எவரும், இந்நாட்டு ஜனங்களுக்குப் பகுத்தறிவு என்பதாக ஒன்று உண்டா என்று சந்தேகப்படாமல் இருக்க முடியாது. கழுதைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்து ஊர்வலம் விடுகிறோம். தவளைக்குத் தாலி கட்டுகிறோம். வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாய் இழுத்து, மாரடித்து அழுகிறோம். விராட பர்வம் படிக்கச் செய்து, படித்தவருக்குத் தட்சணை கொடுக்கிறோம். அண்டாவில் தண்ணீரை நிரப்பி, அதற்குள் புரோகிதரை உட்கார வைத்து வருண ஜபம் செய்யச் சொல்லுகிறோம். இவ்வளவும் பாட்டன் முப்பாட்டன் காலந்தொட்டுச் செய்து வருகிறோமே, இவற்றில் எது, எந்த ஊரில், எந்த வருஷத்தில், எத்தனை அங்குல மழையைக் கொண்டு வந்தது என்பதற்கு எங்கேயாவது ஒரு கணக்குப் புஸ்தகம் உண்டா என்று கேட்கின்றோம். மூலைக் கடைக்காரர்கூட ஒரு ரூபாய் வரவுக்கும் செலவுக்கும் கணக்கு எழுதி வைக்கிறார். ஊருக்கெல்லாம் சோறு போடுகிற மழைக்கு மாத்திரம் கணக்கில்லை, ஜபம்தான் இருக்கிறது!

இது ஏதோ படியாத கிராமத்தாரின் அறியாமை என்று பட்டணவாசிகள் சிரித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. 2019-ம் வருஷக் கோடையில், நமது மாகாணத்து இந்து அறநிலையத் துறையே கோயில்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. மழை வேண்டி யாகம் செய்ய வேண்டும் என்றும், நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி அதன் கழுத்து மட்டும் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்றும், நாதசுரத்திலும் வயலினிலும் அமிர்தவர்ஷினி முதலான ராகங்களை வாசிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. ஜூன் மாதம் 22-ந் தேதி அன்றைய ஆளுங்கட்சியின் மந்திரிகளே பல ஊர்க் கோயில்களில் உட்கார்ந்து யாகம் வளர்த்தார்கள். அந்த நாட்களில் சென்னையில் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, லாரி எப்போது வருமென்று நடுச்சாமத்தில் விழித்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஜனங்கள் வாழும் நாட்டில், கல் மாட்டுக்குக் கழுத்தளவு தண்ணீர் கட்டச் சர்க்கார் இலாகா ஒன்று உத்தரவு போடுகிறதென்றால், இதைவிட மானக்கேடான காரியம் வேறு என்ன இருக்க முடியும்?

"சாமியைக் கும்பிட்டால் உங்களுக்கென்ன நஷ்டம்? செய்ய வேண்டிய வேலையையும் செய்துகொண்டு, ஒரு பக்கம் ஜபமும் நடந்துவிட்டுப் போகட்டுமே" என்று சில சமாதானக்காரர்கள் சொல்லுவார்கள். நஷ்டம் உண்டென்றே நாம் சொல்லுகிறோம். மழை பெய்தால் அது கடவுளின் கருணை; பெய்யாவிட்டால் அது ஜனங்களின் பாவம். பெண்கள் ஒழுங்கு கெட்டார்கள், ஜாதி ஆசாரம் கெட்டது, திருவிழா நின்றது என்று பழி முழுவதும் இளைத்தவர்கள் தலையில் விழுகிறது. ஏரியை மேடாக விட்டவர், வாய்க்காலை மறித்துக் கட்டடம் கட்டியவர், ஆறு மாதத்திற்கு முன்னமே கையில் கணக்கை வைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருந்த அதிகாரி ஆகிய இவர்களில் ஒருவராவது பதில் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை. கடவுளின் பேரில் பாரத்தைப் போட்டவுடன் மனிதன் பேரில் இருந்த பாரம் இறங்கிவிடுகிறது. வருண ஜபத்தினால் மேகம் அசைகிறதோ இல்லையோ, பொறுப்புள்ளவர்கள் தப்பித்துக் கொள்ளுவது மாத்திரம் நிச்சயம்.

நிற்க, வறட்சி என்பது எப்படிப்பட்ட சங்கதி என்பதைச் சற்று யோசிப்போம். பூகம்பம் சொல்லாமல் வருகிறது. புயல் சில நாள் தவணையில் வருகிறது. வறட்சி அப்படி வருவதில்லை. அது மாதக் கணக்கில், அடிமேல் அடி வைத்து, எல்லோரும் பார்க்கும்படி நடந்து வருகிற ஆபத்தாகும். முதலில் மழைமானி குறைகிறது. பிறகு மண்ணின் ஈரம் போகிறது. பிறகு விதைப்பு தள்ளிப் போகிறது. பிறகு ஏரி, அணை, கிணறு ஆகியவற்றின் மட்டம் இறங்குகிறது. அதற்குப் பிறகே குடம் காலியாகிறது. இத்தனை படிகளையும் இறங்கி வருகிறதை வழியிலேயே பார்க்காமல், வாசற்படிக்கு வந்த பிறகு "ஐயோ, தெய்வக் குற்றம்" என்று அலறுவது, கண்ணை மூடிக்கொண்டு நடந்து கிணற்றில் விழுந்துவிட்டுக் கிணற்றைத் திட்டுவது போன்றதாகும்.

சென்னைச் சங்கதியையே எடுத்துக்கொள்ளுவோம. நமது மாகாணத்துக்கு வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக் காற்றினால் கிடைப்பது. 2018-ல் அந்த மழை மாகாணம் முழுவதற்கும் சேர்த்துச் சராசரிக்கு 24 சதவிகிதம் குறைந்தது. சென்னையில் அதைவிட அதிகமாகவே குறைந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் நிறையவில்லை. டிசம்பர் 31-ந் தேதி பருவம் முடிந்துபோயிற்று. அடுத்த பெரிய மழைக்கு அக்டோபர் வரையில் காத்திருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே ஏரியில் இருக்கும் தண்ணீரை ஒரு நாள் செலவால் வகுத்துப் பார்த்தால், எந்த மாதத்தில் வற்றும் என்பது 2019 ஜனவரி முதல் தேதியே தெரிந்திருக்கும். அதற்குச் சோதிடமும் வேண்டாம், மேதாவியும் வேண்டாம். வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும். அப்படியிருந்தும் ஜூன் மாதத்தில் நான்கு ஏரிகளும் வெறும் தரையான பிறகு, ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலேற்றிக் கொண்டு வந்தார்கள். அதற்கு வரவேற்பும் நடந்தது! 2015 டிசம்பரில் இதே பட்டணம் வெள்ளத்தில் மூழ்கித் தண்ணீரைக் கடலில் கொட்டிற்று என்பதையும், அதற்கும் ரயிலில் தண்ணீர் வந்ததற்கும் நாலு வருஷம்கூட ஆகவில்லை என்பதையும் வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தது மழை மாத்திரமா, புத்தியுமா?

வறட்சியைக் கவனிப்பதென்றால் டில்லியில் உட்கார்ந்து பார்த்தால் போதாது என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்லுகிறோம். 2016-ம் வருஷம் இந்தியா முழுவதற்குமான தென்மேற்குப் பருவ மழை, சராசரியில் 97 சதவிகிதம் பெய்ததாகக் கணக்கு வந்தது. "இவ்வருஷம் மழை சரியாக இருக்கிறது" என்றார்கள். அதே வருஷம் நமது மாகாணத்தில் வடகிழக்குப் பருவ மழை 440 மில்லி மீட்டர் அளவுக்குப் பெய்ய வேண்டியதற்குப் பதில் 168 மில்லி மீட்டரே பெய்தது. அதாவது 62 சதவிகிதம் குறைவு. டில்லிக் கணக்கில் நல்ல வருஷம்; நமக்கோ நூறு வருஷத்துக்கு மேலாகக் காணாத வறட்சி. இதில் இன்னுமொரு விசேஷம் உண்டு. பசிபிக் சமுத்திரத்தில் பெரு நாட்டுப் பக்கம் கடல் நீர் வழக்கத்திற்கு மேல் சூடாகிற எல் நினோ வருஷங்களில் வட நாட்டார் வறட்சிக்குப் பயப்படுகிறார்கள். நமது வடகிழக்கு மழையோ அப்படிப்பட்ட வருஷங்களில் பெரும்பாலும் கூடுதலாகவே பெய்கிறது. சென்னை வெள்ளம் வந்த 2015 அப்படிப்பட்ட வருஷந்தான். அக்கடல் குளிர்கிற வருஷங்களில் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஊருக்கு ஊர், ஜில்லாவுக்கு ஜில்லா தனிக் கண் வேண்டும். சராசரி என்பது ஒரு காலை நெருப்பிலும் ஒரு காலைப் பனிக்கட்டியிலும் வைத்திருக்கிறவனைப் பார்த்து "சுகமாக இருக்கிறாய்" என்று சொல்லக்கூடியது.

அன்றியும், கண்ணால் கண்டதை வாயால் சொல்லவும் மனம் வேண்டும். 2016 அக்டோபர் முழுவதும் வானம் வறண்டே கிடந்தது. நவம்பரில் காவிரிப் பாசனத்தில் சம்பாப் பயிர் கருகத் தொடங்கிற்று. அப்போதிருந்த 32 ஜில்லாக்களும் வறட்சி ஜில்லாக்கள் என்று சர்க்கார் அறிவித்ததோ 2017 ஜனவரி 10-ந் தேதி. நோயாளி செத்துப்போன பிறகு வைத்தியர் வந்து "இவருக்கு ஜுரம் இருக்கிறது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அதற்குப் பெயர் வைத்தியமா? மற்ற மாகாணங்களின் யோக்கியதையும் இதுதான். குஜராத், பீகார், அரியானா ஆகிய மூன்று சர்க்கார்களும் வறட்சியை வறட்சி என்று ஒப்புக்கொள்ளாமல் இருந்ததைச் சுப்ரீம் கோர்ட்டே 2016 மே மாதத்தில் கண்டிக்க வேண்டியதாயிற்று. ஏனெனில் வறட்சி என்று ஒப்புக்கொண்டால் பணம் கொடுக்க வேண்டும், வேலை கொடுக்க வேண்டும், பெயர் கெடும். "இன்னும் மழை வரும், இன்னும் மழை வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் செலவில்லை. இந்த விதத்தில் ஜபம் செய்யும் புரோகிதருக்கும், காலம் கடத்தும் அதிகாரிக்கும் அதிக வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வித்தையுமல்ல. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பாழாக்கிய தாது வருஷப் பஞ்சத்தில், வெள்ளைக்காரர் ஆட்சிக்குட்பட்ட இடங்களில் மாத்திரம் 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். அதே காலத்தில் தானியம் கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1877 ஜனவரி முதல் தேதி லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் நடத்தி விருந்து வைத்தார். நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும் போதுமென்று டெம்பிள் துரை உத்தரவு செய்தார். இவ்வளவு அக்கிரமத்துக்கும் பிறகு ஏற்பட்ட பஞ்சக் கமிஷன் 1880-ல் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. மழை தப்பினவுடன் முதலில் சாகிறவன், வயல் வேலை நின்று கூலி இல்லாமல் போன ஏழைதான். கடையில் தானியம் இருந்தாலும் வாங்கக் காசில்லாமல் சாகிறான் என்பதே அது. அதன்பேரில் எழுதப்பட்ட பஞ்ச விதிகளில், தானிய விலை ஏறுகிறதா, ஜனங்கள் வேலை தேடி ஊரை விட்டுப் போகிறார்களா, கடன் கொடுப்பவர்கள் கையை இழுத்துக் கொண்டார்களா என்று ஒவ்வொரு ஜில்லாவிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். சந்தேகமிருந்தால் சோதனைக்கு ஒரு மண் வேலையைத் திறந்து, எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார்கள். வரி வாங்க வந்த அந்நியனுக்கே அத்தனை பிணங்களுக்குப் பிறகு இந்தப் புத்தி வந்தது. ஓட்டு வாங்கி ஆளுகிறவர்களுக்கு ஒரு பிணமும் விழுவதற்கு முன்னமே வர வேண்டாமா?

ஏன் இவ்வளவு ஆத்திரமாகச் சொல்லுகிறோம் என்றால், வறட்சி எல்லோரையும் ஒன்றுபோல் பார்ப்பதில்லை. ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய் போடப் பணம் உள்ளவனுக்கு வறட்சி என்பது செலவு; பக்கத்துக் காட்டில் 40 அடிக் கிணறு வைத்திருப்பவனுக்கு அது நாசம்; கிணறே இல்லாத கூலிக்காரனுக்கு அது பட்டினி. ஊர்க் கிணறு வற்றினால் சேரியிலிருக்கும் பெண், தண்ணீர் இருக்கும் கிணற்றுக்குப் போகப் பயந்து, அதைத் தாண்டி இன்னும் இரண்டு மைல் நடக்கிறாள். நிவாரணம் வருகிற காலத்திலும், பயிர் போனதற்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பட்டாக்காரனுக்குக் கிடைக்கிறது. பத்திரமில்லாத வாரக்காரனுக்கும் குத்தகைக்காரனுக்கும் கிடைப்பது அரிது. நாற்றுப் பிடுங்கியும் களையெடுத்தும் பிழைப்பவர்களுக்குப் பயிரே சொந்தமில்லை, ஆதலால் நஷ்ட ஈடும் இல்லை. மழையைக் கொடுப்பது கடவுளாகவே இருந்தாலும், வறட்சியை இப்படி ஜாதி பார்த்துப் பங்கு வைக்கிறது மனிதர்களாகிய நாம்தானே?

"கணக்குப் பார்ப்பதெல்லாம் படித்த நிபுணர்கள் வேலை, நமக்கேன்?" என்று சிலர் நினைக்கலாம். மகாராஷ்டிர மாகாணத்தில், முன்பு அகமத்நகர் என்றிருந்த அகில்யாநகர் ஜில்லாவைச் சேர்ந்த ஹிவரே பஜார் என்பது மழை குறைந்த, ஒரு காலத்தில் ஏழ்மைப்பட்டிருந்த கிராமம். அவ்வூரார் மழையை அளந்து, ஊர்த் தண்ணீருக்கு வருஷா வருஷம் வரவு செலவுத் திட்டம் போடுகிறார்கள். குடிப்பதற்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மீதிக்குத் தக்கபடி எந்தப் பயிர் வைப்பது என்று ஊர்க் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். பயிருக்கு ஆழ்குழாய்க் கிணறு போடக்கூடாதென்றும், தண்ணீரைக் குடிக்கும் கரும்பு போன்ற பயிர் வேண்டாமென்றும் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அதேபோல ஆந்திராவில் இந்த நூற்றாண்டின் துவக்கத்தில், வறண்ட 7 ஜில்லாக்களில் 600-க்கு மேற்பட்ட கிராமங்களின் குடியானவர்களும் பெண்களும் தாங்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, ஊர்ச் சுவரில் எழுதி, அதைப் பார்த்து விதைத்தார்கள். அவர்களுக்கென்ன நம்மைவிட மூளை அதிகமா? ஜபம் செய்யும் நேரத்தில் அளந்தார்கள், அவ்வளவே.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கோயிலை விட்டுவிட்டால் பகுத்தறிவு வந்துவிட்டதென்று எண்ணிவிடக்கூடாது. 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருப்பதற்காக ஒரு மந்திரியார் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார். காற்று அடித்தது, அட்டைகள் கரைக்குத் திரும்பி வந்துவிட்டன. அளந்து பார்க்காமல், சோதித்துப் பார்க்காமல், நிபுணரின் பெயரைச் சொல்லிச் செய்கிற காரியமும் ஒரு வருண ஜபந்தான். இன்னொன்றும் சொல்லுவோம். மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை 8 வருஷங்களாக அத்தேதியில் திறக்கத் தண்ணீர் இருக்கவில்லை. 2023-ல் தேதி தவறாமல் திறந்தார்கள். அவ்வருஷ ஆகஸ்டு, இந்தியாவில் 1901 முதல் கண்ட ஆகஸ்டு மாதங்களிலெல்லாம் வறண்டதாகப் போயிற்று. அக்டோபரிலேயே அணையை மூட வேண்டியதாயிற்று. தண்ணீரைப் பார்த்து நாள் குறிக்க வேண்டுமே ஒழிய, நாளைப் பார்த்துத் தண்ணீர் வராது. நல்ல நாள் பார்க்கும் புத்தி பஞ்சாங்கத்தில் மாத்திரம் இல்லை; சர்க்கார் காலண்டரிலும் புகுந்திருக்கிறது.

ஆகவே என்ன செய்ய வேண்டும் என்றால், முதலாவது, ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு மழைப் புஸ்தகம் வேண்டும். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான டப்பா ஒன்றை மரமும் கூரையும் இல்லாத வெளியில் வைத்து, தினம் காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அளந்தால் அதுவே மழைமானி. ஒரு மில்லி மீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஓர் ஏக்கரில் நாலாயிரம் லிட்டர். இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே எழுதி வரலாம். இரண்டாவது, ஊரில் நாலைந்து கிணறுகளைக் குறித்து, மாதம் ஒரு முறை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளக்க வேண்டும். ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று மதகின் பக்கத்தில் கோடு போட்டு வைக்க வேண்டும். மூன்றாவது, இவற்றை மேஜைக்குள் பூட்டி வைக்காமல் டீக்கடைச் சுவரிலும் நூலகத்துப் பலகையிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும். சேரிக்கும் அக்கணக்கில் கையும் வாயும் இருக்க வேண்டும். நான்காவது, மட்டம் இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் நெல் வேண்டாம், கம்பும் கேழ்வரகும் உளுந்தும் போதும், குடிதண்ணீருக்கு இந்தக் கிணறு ஒதுக்கம், கூலி வேலைக்கு ஏரியைத் தூர் வாரும் வேலை திறப்பு என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதி வைத்திருக்க வேண்டும். வறண்ட ஏரியை வறண்ட காலத்தில் தோண்டாமல் வேறு எப்போது தோண்டப் போகிறோம்? நமது மாகாணத்தில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். அவற்றில் பாதியாவது ஆழமாக இருந்தால், அண்டாவில் புரோகிதரை உட்கார வைக்க வேண்டிய அவசியமே இராது.

சர்க்காரைக் கேட்டுக்கொள்ளுவது ஒன்றுதான். மழைக் கணக்கும், அணைக் கணக்கும், நிலத்தடி நீர்க் கணக்கும், வானத்திலிருந்து செயற்கைக் கோள் எடுக்கும் பயிர்ப் படமும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை ஜில்லாக் கச்சேரியில் வைத்துக்கொள்ளாமல், எங்கள் ஊர்ப் பெயர் போட்டு, எங்கள் பாஷையில், மாதந்தோறும் எங்கள் ஊருக்கே அனுப்புங்கள். எந்தக் குறி தென்பட்டால் எந்த நாளுக்குள் வேலை திறக்கும், எந்த நாளுக்குள் தண்ணீர் வரும் என்று முன்னமே எழுத்தில் சொல்லுங்கள். மந்திரியின் தயவால் கிடைக்கும் நிவாரணம் பிச்சை. அளவைப் பார்த்துத் தானாகவே கிடைப்பது உரிமை.

தோழர்களே! மழையை வரவழைக்க யாராலும் முடியாது. அது காற்றும் கடலும் வெப்பமும் சேர்ந்து செய்கிற காரியம். ஆனால் வந்த மழையை அளக்கவும், வராத மழையை முன்னமே கண்டுகொள்ளவும், இருக்கிற தண்ணீரைப் பேதமில்லாமல் பங்கிடவும் மனிதனால் முடியும். இனி உங்கள் ஊரில் கொடும்பாவி கட்ட வசூலுக்கு வந்தால், அந்தப் பணத்தில் ஒரு டப்பாவும், ஓர் அளவுகோலும், ஒரு நோட்டுப் புஸ்தகமும் வாங்கிக் கொடுங்கள். அழுவதற்கென்று கூடுகிற கூட்டத்தை அளப்பதற்கென்று கூட்டுங்கள். அடுத்த பருவம் தொடங்குமுன் இதைச் செய்ய வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.